நுண்பாசி எந்த ஆழத்தில்? அடுக்கு நீருக்கு எந்த மாடல் ஏற்றது

தென்னாப்பிரிக்காவின் டர்பன் கரையிலிருந்து கிளம்பி, கரையோரம் ஓடும் அகுல்ஹாஸ் நீரோட்டத்தையும் தாண்டிப் போனால், செயற்கைக்கோள் படத்தில் கடல் வெறும் நீலமாகத் தெரியும். அங்கே ஒன்றுமே இல்லை என்று தோன்றும். உண்மையில் மேலே வெதுவெதுப்பான நீர், அதன் கீழே குளிர்ந்த நீர் என்று கடல் அடுக்காகப் பிரிந்து கிடக்கிறது. மேலடுக்கில் வெளிச்சம் தாராளம், நைட்ரேட் கிடையாது. கீழடுக்கில் நைட்ரேட் தாராளம், வெளிச்சம் கிடையாது. இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் கிடைக்கும் இடத்தில், பல பத்து மீட்டர் ஆழத்தில், தாவர மிதவையுயிரிகள் பச்சையத்தைக் கூட்டிக்கொண்டு வாழ்கின்றன. இந்தக் கட்டுரையில் அவற்றைச் சுருக்கமாக நுண்பாசி என்றே சொல்கிறேன்.

இந்த ஆழப் பரவலை எப்படி மாடல் செய்வது என்று கேட்டு வரும் கடிதங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கின்றன. டர்பன் வெஸ்ட்வில்லில் ஆனர்ஸ் படிக்கும் தம்பி ஒருவர் நேராக முப்பரிமாண மாடலில் இறங்கலாமா என்கிறார். கேப் டவுனில் சிப்பிப் பண்ணைகளுக்கு ஆலோசனை சொல்லும் அக்கா ஒருவருக்கு மேற்குக் கரையில் பாசி பெருகிக் கடல் நிறம் மாறும் ‘ரெட் டைட்’ பற்றிக் கவலை. பிரிட்டோரியா லாடியத்திலிருந்து எழுதிய அண்ணனுக்கோ கடலே வேண்டாம். ஊரில் எல்லோரும் ‘ஹார்ட்டீஸ்’ என்று சொல்லும் ஹார்ட்பீஸ்பூர்ட் அணைதான் அவர் பாடு.

என் சாய்வை இப்போதே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவர்களுக்கு, மேலிருந்து கீழ்வரை ஒரே தூண் நீரை மட்டும் கணக்கிடும் ஒற்றைத் தூண் மாடல் போதும். அது போதாத இடங்களும் உண்டு, அவற்றில் சில நம் வாசலிலேயே இருக்கின்றன.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில் கேள்வி. நுண்பாசி எங்கே இருக்கிறது என்று விவரிக்க வேண்டுமா, ஏன் அங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டுமா, கடல் இன்னும் சூடானால் என்னாகும் என்று பார்க்க வேண்டுமா? முதல் கேள்விக்கு வளைவு ஒன்றே போதும். மற்ற இரண்டுக்கும் வெளிச்சம், சத்து, கலப்பு மூன்றும் மாடலுக்குள் இருந்தாக வேண்டும்.

அடுத்தது, நீர் பக்கவாட்டில் எவ்வளவு ஓடுகிறது. அகுல்ஹாஸ் நீரோட்டம் வினாடிக்கு ஒரு மீட்டரைச் சாதாரணமாகத் தொடும். அந்த வேகத்தில் இன்று நீங்கள் அளந்த நீர் நாளை இதே நேரத்தில் 86 கிலோமீட்டர் தள்ளி இருக்கும். மாடலில் ஒரு தூண் நீரை அசையாமல் நிறுத்தி வைப்பதற்கு முன் இதை யோசிக்க வேண்டும்.

மூன்றாவது, பாசி தானாக நகருமா. கண்ணாடி போன்ற ஓடுள்ள டயட்டம் வகைகள் நாளுக்கு ஒரு மீட்டர் அளவில் மூழ்கும். சாட்டை போன்ற இழையுள்ள டைனோஃபிளாஜெல்லேட்டுகள் நீந்தும், வினாடிக்கு 100 மைக்ரான் என்று வைத்தாலும் 12 மணி நேரத்தில் நான்கு மீட்டருக்கு மேல். ஹார்ட்டீஸில் இருக்கும் மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப் பாசி வாயு நிரம்பிய நுண்ணறைகளால் மிதக்கும். பெரிய திரள்கள் மணிக்கு ஒரு மீட்டர் வரை மேலேறும். மூன்றையும் ஒரே சமன்பாட்டில் அடைத்தால் மூன்றுமே தப்பாக வரும்.

நான்காவது கையில் இருக்கும் தரவு. இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். கயிற்றில் இறக்கும் கருவி நுண்பாசியை அளப்பதில்லை, பச்சையத்தின் ஒளிர்வை அளக்கிறது. இருட்டில் வாழும் செல் தன் பச்சையத்தைப் பெருக்கிக்கொள்ளும். ஒரு கிராம் பச்சையத்துக்கு எத்தனை கிராம் கார்பன் என்ற விகிதம் சுமார் 20 முதல் 200க்கு மேல் வரை மாறும். அதனால் ஆழத்தில் பச்சையம் உச்சமாக இருக்கிறது என்றால் பாசியின் எடையும் அங்கேதான் உச்சம் என்று பொருளல்ல. நீலக்கடலில் பல நேரம் அப்படி இருப்பதுமில்லை. உங்கள் கேள்வி மீனுக்கு எவ்வளவு தீனி என்பதானால், பச்சையத்தை மட்டும் தரும் மாடல் உங்களைத் தவறான ஆழத்துக்கு அனுப்பிவிடும்.

கடைசியாக நேரமும் கணினியும். அதற்கு விளக்கம் வேண்டாம்.

## அவசரக்காரர்களுக்கு

| வழி | குறைந்தபட்சத் தேவை | மறைந்திருக்கும் செலவு | பொருந்தும் இடம் |
|---|---|---|---|
| மணி வளைவுப் பொருத்தம் | நல்ல ஆழ அளவீடுகள் | சராசரி எடுக்கும்போது உச்சம் கரைந்துபோவது | விவரிக்க, ஒப்பிட |
| செயற்கைக்கோள் ஊகம் | மேற்பரப்புப் பச்சையம், காற்று கலக்கிய மேல் அடுக்கின் (கலவை அடுக்கு) ஆழம் | கலங்கிய கரை நீரில் பொய் சொல்வது | பரந்த வெளிக்கடல் |
| ஒற்றைத் தூண் | காற்று, வெப்பம், நைட்ரேட், ஒளி | எண்முறைக் கலப்பு | காரணம் அறிய |
| துகள் மாடல் | தூண் மாடல் தரும் கலப்பு | போலி அடுக்கு | நீந்தும், மிதக்கும் வகைகள் |
| முப்பரிமாணம் | எல்லாம், கூடவே ஒரு குழு | மாதக்கணக்கான சரிபார்ப்பு | சுழல், நீரோட்டம், நீர் மேலேற்றம் |

## மணி வளைவைப் பொருத்துவது

பின்னணி அளவு ஒன்று, அதன்மேல் ஒரு மணி வடிவ மேடு. மேட்டின் ஆழம், அகலம், பரப்பு என்று மொத்தம் நான்கு அளவுருக்கள். 1983இல் லூயிஸ், கல்லன், பிளாட் மூவரும் கடல் பச்சையத்துக்கு இதைப் பயன்படுத்தினார்கள், இன்றுவரை நிற்கிறது. பைத்தானிலோ ஆர் மொழியிலோ ஒரு மதியத்தில் முடிந்துவிடும். பல ஆண்டுத் தரவை நான்கு எண்களாகச் சுருக்கி, கோடைக்கும் குளிர்காலத்துக்கும் மேடு எவ்வளவு நகர்ந்தது என்று சொல்ல இதைவிட நேர்மையான கருவி கிடையாது.

ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது. மூன்று நாள் அளந்தீர்கள். உச்சம் 50, 70, 90 மீட்டரில், ஒவ்வொன்றும் இருபது மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். மூன்றையும் கூட்டிச் சராசரி எடுத்தால் அறுபது மீட்டருக்குப் பரந்த, தாழ்ந்த மேடு ஒன்று வரும். அப்படியொரு கடல் எந்த நாளும் இருந்ததில்லை. முதலில் ஒவ்வொரு நாளுக்கும் வளைவைப் பொருத்திவிட்டு, அப்புறம் அளவுருக்களைச் சராசரி எடுக்க வேண்டும். கடலுக்குள் ஓடும் அக அலைகள் வெப்ப அடுக்கையே மேலும் கீழும் தூக்கிப் போடுவதால், ஆழத்துக்குப் பதில் நீரின் அடர்த்தியை அச்சாக வைத்தால் இன்னும் நல்லது.

எட்டுப் புட்டி நீரை வைத்துக்கொண்டு நான்கு அளவுரு தேடுவதும் ஆபத்துதான். அகலமும் பரப்பும் ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். இரண்டும் தப்பாக இருந்தும் வளைவு அழகாகப் பொருந்தும்.

பகல் அளவீடு இன்னொரு தொல்லை. உச்சிவெயிலில் மேல்நீர்ப் பாசி தன்னைக் காத்துக்கொள்ள ஒளிர்வைக் குறைத்துக்கொள்ளும். கருவியில் மேலே பச்சையம் குறைந்ததுபோல் தெரியும். இல்லாத ஓர் ஆழ உச்சம் முளைத்துவிடும். தானியங்கி ஆர்கோ மிதவைகளின் தரவுக்கு இதைத் திருத்தும் முறைகள் உண்டு. உங்கள் சொந்தப் படகுத் தரவுக்கு அந்தத் திருத்தத்தை நீங்கள்தான் செய்ய வேண்டும்.

‘ஏன்’ என்று கேட்டால் இந்த வளைவுக்கு வாய் கிடையாது. அதற்குத் தூண் மாடலுக்குத்தான் போக வேண்டும்.

## செயற்கைக்கோளிலிருந்து கீழே ஊகிப்பது

கடலுக்குள்ளிருந்து செயற்கைக்கோளுக்கு வரும் ஒளியில் சுமார் 90 சதவீதம் மேலடுக்கிலிருந்தே வருகிறது. அந்த மேலடுக்கின் ஆழம், ஒளி மங்கும் கெழுவின் தலைகீழ். தெளிந்த வெளிக்கடலில் கெழு மீட்டருக்கு 0.04 என்றால் 25 மீட்டர். அதே நீரில் மேற்பரப்பு வெளிச்சத்தின் ஒரு சதவீதம் 115 மீட்டர் வரை எட்டும். ஆக, பாசி வாழக்கூடிய ஆழத்தில் கால்பங்குகூட வானிலிருந்து தெரிவதில்லை. மீதியை ஊகிக்க வேண்டும்.

அந்த ஊகத்துக்கு நல்ல அடித்தளம் உண்டு. 2006இல் உய்ட்ஸும் அவர் குழுவினரும் உலகெங்கும் எடுத்த இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட அளவீடுகளை வைத்து, அடுக்கு நீருக்கு ஒன்பது வகை, கலந்த நீருக்கு ஐந்து வகை என்று ஆழ வடிவங்களைத் தொகுத்தார்கள். மேற்பரப்புப் பச்சையத்தைக் கொடுத்தால் கீழே எப்படி இருக்கும் என்று சொல்லிவிடலாம். சிறிய, நடுத்தர, பெரிய செல்களின் பங்கும் அதில் வரும்.

ஆனால் அதில் ஒரு நிபந்தனை உண்டு. உங்கள் நீர் அடுக்கு நீரா, கலந்த நீரா என்று தெரிய, ஒளி எட்டும் ஆழம் கலவை அடுக்கைவிட அதிகமா என்று பார்க்க வேண்டும். கலவை அடுக்கின் ஆழத்தைச் செயற்கைக்கோள் தராது. அதை ஆர்கோ தரவிலிருந்தோ வேறு மாடலிலிருந்தோ கடன் வாங்க வேண்டும். கடன் வாங்கிய எண் பிசகினால் தப்பான வகைக்குள் போய் விழுவீர்கள்.

துகேலா ஆற்று முகத்துக்கு எதிரே இதைப் பயன்படுத்தவே கூடாது. அங்கே வண்டலும் ஆற்றின் பழுப்பு நீரும் சேர்ந்து செயற்கைக்கோளை ஏமாற்றும். மேற்குக் கரைக்கு உலகப் பொது வகைகளைவிட உள்ளூர் வகைகள் மேல். மேற்குக் கரையோரக் கடலான பெங்குவேலாவின் ஆழ வடிவங்களை, தரவிலிருந்து தானே கற்கும் நரம்பு வலைக் கணிப்பு மூலம் வகைப்படுத்திய தென்னாப்பிரிக்க ஆய்வு 2001இலேயே வந்துவிட்டது. தன் நீரில் எடுத்த அளவீட்டை வைத்து வகைப்படுத்துவது என்ற அந்த அணுகுமுறையை நாமும் பின்பற்றலாம்.

## ஒற்றைத் தூண் மாடல்

மேலிருந்து கீழ்வரை ஒரே ஒரு தூண் நீர். அதை மெல்லிய தட்டுகளாக வெட்டி, ஒவ்வொரு தட்டிலும் பாசி எவ்வளவு வளர்கிறது, எவ்வளவு சாகிறது, எவ்வளவு மூழ்குகிறது, கலப்பு எவ்வளவை மேலும் கீழும் கடத்துகிறது என்று கணக்குப் போடுவது. 1949இல் ரைலி, ஸ்டோமல், பம்பஸ் மூவரும் கையால் கணக்கிட்ட காலத்திலிருந்து அடிப்படை மாறவில்லை. இன்று கோட்டம் என்ற இலவசக் கலப்பு மாடலும் ஃபாபம் என்ற உயிரியல் இணைப்பும் இருக்கின்றன. நீர்த்தேக்கமானால் ஜிஎல்எம் என்ற ஏரி மாடல். மடிக்கணினியே போதும்.

இதை நான் விரும்புவதற்குக் காரணம், எண்கள் உடனே பேசும். கோடைத் தூணில் மேல் கலவை அடுக்கின் விரவல் கெழுவை (கலப்பின் வலுவைச் சொல்லும் எண்) 0.01 மீ²/வி என்று வையுங்கள். 50 மீட்டர் கடக்க ஆகும் காலம் தூரத்தின் வர்க்கத்தைக் கெழுவால் வகுத்தது, அதாவது மூன்று நாள். அதற்குக் கீழே, வெப்பநிலை சட்டென்று குறையும் வெப்பச்சரிவு அடுக்கில் கெழு 0.00001. அங்கே வெறும் 10 மீட்டர் கடக்க 115 நாள். நைட்ரேட் மேலே வர ஏன் திணறுகிறது, பாசி ஏன் அந்த எல்லையிலேயே தங்குகிறது என்பது இந்த இரண்டு எண்ணில் விளங்கிவிடும். முப்பரிமாண மாடலில் இதே விஷயம் லட்சக்கணக்கான கட்டங்களுக்குள் புதைந்து கிடக்கும்.

இனி செலவுகள். முதலாவது, எண்முறைக் கலப்பு. மூழ்குவதைக் கணக்கிட மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டுக்குத் தள்ளும் எளிய முறையைத்தான் பலர் எழுதுகிறார்கள். அந்த முறை தானாகவே ஒரு பொய்க் கலப்பைச் சேர்க்கும். அதன் அளவு வேகத்தையும் தட்டின் தடிமனையும் பெருக்கியதில் பாதி. நாளுக்கு ஒரு மீட்டர் மூழ்கல், ஐந்து மீட்டர் தட்டு என்றால் 0.00003 மீ²/வி. வெப்பச்சரிவு அடுக்கின் உண்மைக் கலப்பைவிட மூன்று மடங்கு! உங்கள் ஆழ உச்சம் அகலமாக வந்ததற்குக் காரணம் கடல் அல்ல, நீங்கள் வெட்டிய தட்டு. ஒரு மீட்டராகக் குறைத்தாலும் உண்மைக் கலப்பில் பாதிக்கு மேல் பொய் மிஞ்சும். உயர்வரிசை முறைக்கு மாறுவதே வழி.

அடுத்து நேரப்படி, அதாவது மாடல் ஒரு முறைக்கு எவ்வளவு நேரம் முன்னே நகர்கிறது என்பது. கலப்பை, இப்போதைய நிலையை மட்டும் வைத்து அடுத்ததைச் சொல்லும் நேரடி முறையில் கணக்கிட்டால், ஒரு மீட்டர் தட்டுக்கும் 0.01 கெழுவுக்கும் படி 50 வினாடியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் எண்கள் வெடித்துச் சிதறும். அடுத்த நிலையையும் சேர்த்துத் தீர்க்கும் மறைமுக முறை எழுதிவிட்டால் இந்தத் தலைவலி இல்லை.

மூன்றாவது செலவு காற்று. தினசரிச் சராசரிக் காற்றைக் கொடுத்து மாடலை ஓட்டுபவர்கள் நிறைய. டர்பன்காரர்களுக்கு இது எவ்வளவு தவறு என்று சொல்லவே வேண்டாம்; வடகிழக்குக் காற்று ஓய்ந்து அரைமணியில் தென்மேற்கு வந்து அறையும் ஊர் இது. அரை நாள் வினாடிக்கு 10 மீட்டர், அரை நாள் அமைதி என்றால் சராசரி 5. ஆனால் காற்றின் உராய்வு வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. உண்மை உராய்வு சராசரி தருவதைப்போல் இரண்டு மடங்கு. கலக்கும் ஆற்றல் வேகத்தின் கனத்தைப் பொறுத்தது, அது நான்கு மடங்கு. மணிக்கணக்கு வானிலைத் தரவான எரா5 இலவசமாகக் கிடைக்கிறது; அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, அடித்தட்டின் நைட்ரேட். அதை நிலையான எண்ணாக வைத்தால் அது வற்றாத கிணறு. தூணின் அடி, ஒளி எட்டும் ஆழத்துக்கு வெகு கீழே இருக்க வேண்டும்.

பச்சைய விகிதம் மாறுவதைச் சேர்க்க 1997இல் கைடரும் மற்றவர்களும் தந்த சமன்பாடுகள் உள்ளன. கொஞ்சம் கூடுதல் வேலை, ஆனால் ஆழ உச்சத்தைப் பற்றிப் பேசுகிறவர் இதை விட்டுவிடக் கூடாது.

ஓர் எச்சரிக்கை. மாடலின் உச்சம் ஒரே இடத்தில் நிற்காமல் ஆடினால் உடனே பிழை என்று முடிவு கட்டாதீர்கள். கலப்பு மிகக் குறைந்தால், பாசி மூழ்கும் வேகத்துக்கு நைட்ரேட் ஏறி வராமல், ஆழ உச்சம் ஊசலாடவும் ஒழுங்கற்றுக் குழம்பவும் செய்யும் என்று ஹைஸ்மனும் கூட்டாளிகளும் 2006இல் காட்டியிருக்கிறார்கள். தட்டையும் நேரப்படியையும் பாதியாக்கி ஓட்டுங்கள். ஆட்டம் அப்படியே இருந்தால் அது மாடலின் இயல்பு. மாறினால் உங்கள் நிரலைப் பாருங்கள்.

வெஸ்ட்வில் தம்பிக்கு: நீரோட்டத்துக்கு வெளியே, நாலைந்து மாதம் அடுக்காகவே நிற்கும் நீரானால் கண்ணை மூடிக்கொண்டு இதை எடுக்கலாம். கோடையில் கூர்மையான வெப்பச்சரிவு உருவாகும் அகுல்ஹாஸ் திட்டிலும் தொடக்கத்துக்கு இதுவே நல்லது. டர்பனுக்கு எதிரே சுழலும் நீரில் தூணை அசையாமல் நிறுத்த முடியாது. அங்கே இதன் பதில் பாதி உண்மைதான்.

## துகள் மாடல்

பாசியைச் செறிவாக எண்ணாமல், ஆயிரக்கணக்கான தனித் துகள்களாக விட்டு ஒவ்வொன்றும் எங்கே போகிறது, எவ்வளவு வெளிச்சம் பார்த்தது என்று பின்தொடர்வது. நீந்தும் டைனோஃபிளாஜெல்லேட்டுக்கும் மிதக்கும் மைக்ரோசிஸ்டிஸுக்கும் இது இயல்பாகப் பொருந்தும். பகலில் மேலே, இரவில் சத்தைத் தேடிக் கீழே என்ற தினசரிப் பயணத்தை விதியாக எழுதிவிடலாம்.

கேப் டவுன் அக்காவின் ரெட் டைட் கேள்விக்கு இது வேண்டும். மேற்குக் கரையில் பாசி பெருகி அழுகும்போது நீரில் ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. 1997இல் எலண்ட்ஸ் பேயில் சுமார் 2000 டன் சிங்கி இறால் அப்படிக் கரையொதுங்கியது. எந்த ஆழத்தில் பாசி திரளும் என்பது அங்கே பிழைப்புச் சமாச்சாரம்.

இதன் கண்ணி கொடியது. கலப்பு ஆழத்துக்கு ஆழம் மாறும் நீரில் துகளை மேலும் கீழும் குருட்டாம்போக்கில் தள்ளும் வெறும் சீரற்ற நடையை எழுதினால், துகள்கள் தாமாகவே கலப்பு குறைந்த அடுக்கில் போய்க் குவியும். அதாவது வெப்பச்சரிவு அடுக்கில் அழகான ஆழ உச்சம் ஒன்று தோன்றும், முழுக்கப் போலி. 1997இல் விஸர் இதற்கான திருத்தத்தைத் தந்தார். சோதனை எளிது: நீந்தாத, வளராத துகள்களைச் சமமாகப் பரப்பி ஓட்டுங்கள், கடைசிவரை சமமாகவே இருக்க வேண்டும்.

ஹார்ட்டீஸ் அண்ணனுக்கு: ஜிஎல்எம்மில் தொடங்கி, மிதப்பை மட்டும் துகளாகச் சேர்க்கலாம். ஆனால் காற்று திரட்டி அணைச்சுவர்ப் பக்கம் குவிக்கும் படலத்தை எந்த ஒற்றைத் தூணும் காட்டாது. டெசிமீட்டர் கணக்கில் தடித்து, மேலே ஓடு கட்டிப்போன பாசிப் படலங்களை அங்கே 1980களில் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். நீர் உறிஞ்சும் குழாயை எந்த ஆழத்தில் வைப்பது என்பது உங்கள் கேள்வியானால் தூண் போதும். நாற்றம் எந்தக் கரையில் அடிக்கும் என்பதானால் போதாது.

## முப்பரிமாணம்

நீர் மேலேற்றமும் சுழலும் நீரோட்டமும்தான் கதை என்றால் வேறு வழியில்லை. குரோகோ, ரோம்ஸ், நெமோ என்று இலவச மாடல்கள் உண்டு; பிஸ்கெஸ் போன்ற உயிரியல் பகுதியைச் சேர்க்கலாம். கேப் டவுனில் இருக்கும் உயர்திறன் கணிப்பு மையத்தின் கணினிக்கு மேற்பார்வையாளர் வழியாக விண்ணப்பிக்கலாம். ஆய்வகக் கணினியில் ஓட்டுவதானால் விட்ட இடத்திலிருந்து தொடர உதவும் ரீஸ்டார்ட் கோப்பை அடிக்கடி எழுதி வையுங்கள்; மின்வெட்டு உங்களைக் கேட்டுக்கொண்டு வராது.

செலவு கணினியில் இல்லை, சரிபார்ப்பில் இருக்கிறது. எல்லை நிபந்தனை, நைட்ரேட்டின் தொடக்க அளவு, மாடல் நிலைபெற ஓட்ட வேண்டிய ஆண்டுகள் என்று ஒரு முதுகலைப் பட்டத்தையே விழுங்கும். அதற்குப் பிறகும், முப்பது நாற்பது தட்டுகளை ஆழ்கடல்வரை நீட்டிய மாடலில் இரண்டு மீட்டர் தடிமனான அடுக்கு எங்கே தெரியும்? ஆழப் பரவலுக்காகவே முப்பரிமாணத்துக்குப் போகிறவர்கள் ஆழத்தில்தான் முதலில் ஏமாறுகிறார்கள்.

சொந்தமாக ஓட்டும் முன் கோப்பர்நிகஸ் கடல்சேவையின் உலக உயிர்வேதித் தரவைப் பாருங்கள். கால் டிகிரிக் கட்டம். நம் அட்சத்தில் சுமார் 25 கிலோமீட்டர். டர்பனின் குறுகிய கண்டத்திட்டு ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும் என்பதால் கரைக்கு உதவாது, வெளிக்கடலுக்கு உதவும்.

## படகில் ஒரே நாள் கிடைத்தால்

எந்த வழியை எடுத்தாலும் ஆய்வுப் படகில் இடம் கிடைப்பது அரிது. கிடைத்தால், ஓர் இறக்கமாவது இரவில் வையுங்கள். ஒளி உணரி இல்லாமல் போகாதீர்கள். புட்டிகளைச் சீரான இடைவெளியில் மூடாமல் வெப்பச்சரிவைச் சுற்றி நெருக்கமாக மூடுங்கள். நைட்ரேட் எங்கே ஏறத் தொடங்குகிறது என்பதுதான் தூண் மாடலுக்கு உயிர். சில புட்டிகளை வடிகட்டி ஆய்வகத்தில் பச்சையம் அளந்தால்தான் ஒளிர்வுக் கருவியின் எண்ணை நம்பலாம்.

டர்பனுக்கென்றே ஒரு சிக்கலும் இருக்கிறது. பூமி சுழல்வதால் காற்று அடித்து ஓய்ந்தபின் கடல் நீர் வட்டமடிக்கும். 30 டிகிரி அட்சத்தில் அந்தச் சுற்றுக்கு ஆகும் காலம் 24 மணி நேரம். நாமும் ஏறக்குறைய அந்தக் கோட்டிலேயே இருக்கிறோம். அந்தச் சுற்றோடு வெப்பச்சரிவு மேலும் கீழும் போனால், பாசி தினமும் நீந்திப் போய்வருவதுபோலவே தரவில் தெரியும். ஆழத்துக்கு எதிராக வரைந்த படத்தை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. வெப்பநிலைக்கு எதிராக வரையுங்கள். உச்சம் ஒரே வெப்பநிலையில் நின்றால் நீர் அதைத் தூக்கிப்போயிருக்கிறது. வெப்பநிலை மாறினால் பாசியே நகர்ந்திருக்கிறது, அப்போதுதான் துகள் மாடலுக்குச் செலவிடுவதில் அர்த்தம் உண்டு.